காதுக்கல்

மதுரைக்குக் கடல்
அதிகாலை நாலே முக்காலுக்கு வரும்.
கரிமேட்டு முக்கில் வண்டியை ரிவர்ஸ் எடுத்து
தெர்மாகோல் பெட்டிகளில் இறங்கும்.
பெட்டிக்கு அடியில் ஒழுகுவதை
ஒருமுறை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை. வெறும் ஐஸ்.

விலங்கியல் இரண்டாமாண்டு, பதினோரு பேர்.
அதில் கடலைக் கண்ணால் கண்டவர்கள் நாலு பேர்.
மண்டபம் போகிற பஸ்ஸுக்கு
இன்னும் மேலிடத்துக் கையெழுத்து விழவில்லை.
அதனால் களப்பணி இங்கேதான்:
ரப்பர் செருப்பு, அளவுப் பலகை,
நனைந்தாலும் அழியாத பென்சில்.

"வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டி நகரு.
மீனுக்கென்ன சட்டையா தைக்கப்போற?"
கத்தாழையின் மூக்குநுனியில்
நான் ஸ்கேலை வைத்தபோது
ஆரோக்கியமேரி கேட்டதற்கு
பை பிடித்து நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.
இருபத்தாறு புள்ளி நாலு
என்றாள் ஒச்சம்மாள்,
சிரிக்காமல், எழுதியபடி.

அந்தப் பக்கம் பிரிட்டோ அலறினான்.
அவன் திறந்த வாய்க்குள்
நாக்கு இருக்கவேண்டிய இடத்தில்
வெளுத்த பூச்சி ஒன்று
குடிவைத்த மாதிரி உட்கார்ந்து
அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அதையும் விலைபேசி வாங்கினோம், மீனோடு.

ஆய்வகம். ஜன்னலில் வெயில்.
தலையைப் பிளந்து
மூளைக்கு அடியில் இடுக்கியை விட்டால்
பக்கத்துக்கு ஒன்றாக
அவரைவிதை பருமனில்
வெள்ளையாய்க் கல்.
மீன் சாயாமல் நீந்தியதும்
சத்தம் கேட்டதும் இதை வைத்துத்தான்.
அதை உப்புத்தாளில் தேய்க்கவேண்டும்.
எங்களுக்குக் கிடைத்த உப்பு
அந்தப் பெயரில் இருந்ததுதான்.

கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு.
மைக்ராஸ்கோப்பின் கீழே
வளையத்துக்குள் வளையம்.
ஆறாவது மீன்.
நான் எண்ணினேன், மூன்று.
ஒச்சம்மாள் எண்ணினாள், நாலு.
இடம் மாறி உட்கார்ந்தோம்.
மூன்று.
நாலு.

"ரெண்டாவதுக்கு வெளியே பாரு,
மெலிசா ஒண்ணு ஓடுது."
"அது பொய் வளையம்.
இரை கிடைக்காத காலத்தில் விழும்,
கணக்கில் சேராது. புத்தகத்திலேயே இருக்கு."
"இரை கிடைக்காதப்பவும்
அது உசுரோடதான இருந்துச்சு?"

நான் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் நடுவே
அவளுக்கு ஒரு வருஷம் உண்டு.
வாடிப்பட்டிப் பக்கம் நூல் மில், ராத்திரி ஷிஃப்ட்.
சேர்க்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இடைவெளி என்று எழுதச் சொன்னார்கள்,
எழுதினாள்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
அன்றைக்கு நான் கண்டதெல்லாம்
கண்ணை எடுக்காமல்
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறவளைத்தான்.

நோட்டில் இரண்டு பத்தி போட்டோம்.
என் பெயருக்குக் கீழே மூன்று,
அவள் பெயருக்குக் கீழே நாலு.
திருத்திய மேடம் எதையும் அடிக்கவில்லை.
நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு
அடுத்த பக்கம் புரட்டிவிட்டார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி எழுந்துபோனார்.
நல்லதாய்ப் போயிற்று, ஜன்னலோரம் கிடைத்தது.
வைகைப் பாலத்துக்குக் கீழே
மணல், கருவேலம்,
யாரோ கட்டிவைத்த வாலிபால் வலை.
இதுவும் கடலுக்குப் போகிற வழியென்று
பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன்.

சட்டைப்பையில் காகித உறை.
உள்ளே அதே மீனின்
அந்தப் பக்கத்துக் கல், இன்னும் தேய்க்காதது.
நாளைக்கு அவள் முதலில் எண்ணட்டும்.
விளக்கைக் கொஞ்சம் தணித்துவைத்துப் பார்க்கச் சொன்னாள்.
மெலிசானது
அப்போதுதான் தெரியுமாம்.